நாலு கொட்டேஷன், ஒரே கூரை

பழைய தகரக் கூரையை எடுத்துவிட்டுப் புது மெட்டல் ரூஃப் போட நாலு பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். அந்த நாலு தாளையும் எப்படிப் படித்தேன், யாருக்கு வேலை கொடுத்தோம், அவர் எப்படிச் செய்தார் என்று எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம். தாளில் என்ன எழுதியிருந்தது, என்ன எழுதாமல் விட்டிருந்தது என்று சொன்னால்தான் அடுத்தவருக்கு உதவும்.

வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தவள் நான். கொட்டேஷன் பிரிப்பது, ஒப்பீட்டுப் பட்டியல் போடுவது, "இதில் இறக்குகூலி உண்டா இல்லையா" என்று ஃபோன் போட்டு நச்சரிப்பது, இதுதான் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. வந்தவர்களில் மூன்று பேர் என் கணவரிடம்தான் பேசினார்கள். கேள்வி நான் கேட்பேன், பதில் அவரைப் பார்த்து வரும். அவருக்கு ஷீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். இதற்கெல்லாம் மார்க் குறைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. குறைத்தேன்.

முதல் கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் வந்த மூன்று வரி. இரண்டாவது, பில் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதிக் கிழித்துக் கொடுத்த தாள். மூன்றாவது, கையால் வரைந்த கூரைப் படத்தோடு இரண்டு பக்கம். நாலாவது வழவழப்பான தாளில் கலர் ஃபோட்டோக்களாக அடுக்கிய ஆல்பம், அதில் தொகை எங்கே இருக்கிறது என்று தேடத்தான் நேரமானது. இனி அவர்களை வாட்ஸ்அப், கார்பன், வரைபடம், ஆல்பம் என்றே சொல்கிறேன்.

குறைந்த தொகையை 100 என்று வைத்துக்கொண்டால் வாட்ஸ்அப் 100, கார்பன் 118, வரைபடம் 131, ஆல்பம் 172. "நூறுக்கு முடியற வேலைக்கு எதுக்கு நூத்தி முப்பத்தொண்ணு?" என்றார் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான், நூறுக்கு முடிவதாக இருந்தால்.

முதலில் பரப்பளவு. கொட்டேஷனில் பெரிய வித்தியாசம் ஒளிந்திருப்பது இங்கேதான், யாரும் பார்ப்பதில்லை. எல்லோருடைய கண்ணும் சதுர அடி ரேட்டில் இருக்கும். எத்தனை சதுர அடி, அதை யார் எப்படி அளந்தார்கள் என்று கேட்பவர் குறைவு.

எங்கள் வீடு சுவருக்குச் சுவர் 40 அடிக்கு 30 அடி, அதாவது 1,200 சதுர அடி. ஆனால் கூரை சுவரோடு நின்றுவிடுவதில்லை. நாலு பக்கமும் இரண்டிரண்டு அடி இறவாரம் இறங்குகிறது. அப்போது 44க்கு 34, மொத்தம் 1,496. இதுவும் கூரைக்கு நேர் கீழே தரையில் பிடிக்கும் இடம்தான். கூரை 20 டிகிரி சாய்ந்திருக்கிறது, சாய்ந்த பரப்பு தரைப் பரப்பைவிட 6 சதவீதம் சொச்சம் கூடும், ஆக 1,592. (சரிவு 30 டிகிரி என்றால் 15 சதவீதத்துக்கு மேல் கூடும், 45 டிகிரி என்றால் 41 சதவீதம்.) இத்தோடும் முடியவில்லை. அவர்கள் காட்டிய ஷீட்டின் அகலம் 1,070 மில்லிமீட்டர். பக்கத்து ஷீட்டின் மேல் ஒரு நெளி ஏறி உட்காருவதால் அது மூடுவது 1,000 மில்லிமீட்டர் மட்டுமே. 44 அடி நீளத்துக்கு ஒரு சரிவில் 14 ஷீட், இரண்டு சரிவுக்கும் 28. ஒவ்வொன்றும் 18 அடி 3 அங்குல நீளம். காசு கொடுத்து வாங்கும் ஷீட்டின் பரப்பைக் கூட்டினால் 1,790 சதுர அடியைத் தாண்டுகிறது.

ஒரே கூரை. 1,200 என்றும் சொல்லலாம், 1,790 என்றும் சொல்லலாம், இரண்டும் பொய் இல்லை. வாட்ஸ்அப் மூன்று வரியில் முதல் வரி ரேட், இரண்டாவது வரி "1,200 ச.அடி", மூன்றாவது வரி "அளவு கூடினால் தொகை கூடும்". அவரைக் கூப்பிட்டேன்.

"பில் எந்த அளவுக்குப் போடுவீங்க? கூரை அளவுக்கா, ஷீட் அளவுக்கா?"

"இறக்குற ஷீட்டுக்குத்தானே மேடம் போட முடியும்!"

அந்த ஒரு பதிலில் 100 என்பது 149 ஆகிவிட்டது. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டவுடன் ஒளிக்காமல் சொன்னார். கேட்காமல் இருந்திருந்தால் வேலை முடிகிற நாளில் சொல்லியிருப்பார், அவ்வளவுதான்.

கார்பன் தரையில் நின்று டேப் பிடித்து 1,496 எழுதியிருந்தார், சரிவைக் கணக்கில் எடுக்கவில்லை. அதைச் சேர்த்தால் 118 என்பது 125 சொச்சம். வரைபடக்காரர் மட்டும்தான் ஏணி வைத்து மேலே ஏறினார். ஒவ்வொரு சரிவின் நீளத்தையும் முகட்டிலிருந்து அளந்தார், ஷீட் எண்ணிக்கையையும் நீளத்தையும் தாளில் எழுதினார், மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டார். அளவு தப்பினால் அது அவர் தலைவலி. ஆல்பமும் மொத்தத் தொகைதான். ஆனால் அளந்தது யார் என்று கேட்டதற்கு "சாட்டிலைட் படத்திலேயே எடுத்துவிடுவோம்" என்றார்கள். நேர்மேலிருந்து எடுத்த படத்தில் சரிவு தெரியாது, அதை யாராவது தனியாக அளந்து சேர்க்க வேண்டும். சேர்த்தார்களா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. மொத்தத் தொகை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

அடுத்தது தடிமன். வாட்ஸ்அப் "26 கேஜ்" என்றார். கார்பன் "0.50 எம்.எம்." என்றார். வரைபடத்தில் "பேஸ் மெட்டல் 0.45, பெயிண்டோடு 0.52" என்று இருந்தது. ஆல்பத்தில் "24 கேஜ் பிரீமியம் ஸ்டீல்".

கேஜ் எண் கூடக் கூட ஷீட் மெலியும், இது பலருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், கேஜில் ஒரே ஒரு பட்டியல் கிடையாது. அமெரிக்கக் கால்வனைஸ்டு ஷீட் பட்டியலில் 26 என்றால் 0.55 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் கம்பிப் பட்டியலில் அதே 26 என்றால் 0.46. ஆல்பத்தின் 24ம் அப்படியே: ஒன்றில் 0.70, இன்னொன்றில் 0.56. அதனால் கேஜில் எழுதிய கொட்டேஷனைக் கையில் வாங்கியதும் "மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பிடம் எந்தப் பட்டியல் என்று கேட்டேன். கட்டைவிரல் தூக்கிய படம் ஒன்று வந்தது. இன்றுவரை அதுதான் பதில்.

மில்லிமீட்டரில் எழுதினாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பெயிண்டையும் பூச்சையும் சேர்த்தா, சேர்க்காமலா? பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் இரும்பு. மேலும் கீழும் உலோகப் பூச்சு இரண்டும் சேர்ந்து 0.04 மில்லிமீட்டர், பெயிண்ட் இரு பக்கமும் சேர்ந்து கிட்டத்தட்ட அதே அளவு. கார்பன் சொன்ன 0.50 எல்லாம் சேர்த்த கணக்கு, உள்ளே இரும்பு 0.42தான். மேலாகப் பார்த்தால் 0.50க்கும் 0.52க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரும்பை மட்டும் எடுத்தால் வரைபடத்தின் ஷீட்டில் 7 சதவீதம் அதிகம். அதோடு, ஷீட் மெலிந்தால் பர்லின்களை, அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளை, நெருக்கிப் போட வேண்டும். ஷீட்டில் மிச்சம் பிடித்த காசு பர்லினில் போகும், பர்லினை நெருக்காமல் விட்டால் ஆள் மிதிக்கும் இடமெல்லாம் ஷீட் குழியும்.

இதைச் சோதிக்க மைக்ரோமீட்டர் வேண்டும் என்பார்கள். எங்களிடம் பழைய பேப்பர் எடை போடும் தொங்குதராசு இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு மில்லிமீட்டர் தடிமன் இரும்பு, ஒரு சதுர மீட்டர், 7.85 கிலோ. இந்த ஷீட் நெளி வாங்குவதற்கு முன் 1,220 மில்லிமீட்டர் அகலச் சுருளாக இருந்தது. 18 அடி 3 அங்குலம் என்பது 5.56 மீட்டர். இரும்பு 0.45 என்றால் பூச்சும் பெயிண்டும் சேர்த்து ஒரு ஷீட் 25 கிலோவைச் சற்றே தாண்ட வேண்டும். 0.42 என்றால் 24க்குக் கொஞ்சம் கீழே. 0.35ஐக் கொண்டுவந்து தள்ளிவிட்டால் 20தான் இருக்கும். லாரி வந்ததும் ஒரு ஷீட்டைக் கயிறு கட்டித் தூக்கச் சொன்னேன். முள் 25ஐத் தாண்டி நின்றது. இறக்கிய பையன்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

பூச்சு விஷயத்தில்தான் ஒரு வேடிக்கை. கார்பன் சொன்னது ஜிங்க் பூச்சு மட்டும் உள்ள ஷீட், 'இசட் 275'. வரைபடத்தில் 'ஏ.இசட். 150'. கார்பன் வந்து என் கணவரிடம், "275 பெருசா 150 பெருசா, நீங்களே சொல்லுங்க சார்" என்றார். சார் 275 என்று சொல்லிவிட்டார்.

இரண்டு எண்ணும் ஒரு சதுர மீட்டர் ஷீட்டின் இரண்டு பக்கத்திலும் சேர்த்து எத்தனை கிராம் பூச்சு என்பதைச் சொல்கின்றன. ஆனால் பூச்சு வேறு வேறு. ஒன்று வெறும் துத்தநாகம். மற்றது 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், 1.6 சதவீதம் சிலிக்கான் கலந்தது. அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் 1972ல் கால்வால்யூம் என்று விற்பனைக்குக் கொண்டுவந்த கலவை அது. அலுமினியம் லேசான உலோகம், அதனால் 150 கிராமிலேயே ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான் வந்துவிடுகிறது. துத்தநாகம் கனமானது, 275 கிராம் போட்டும் 19 மைக்ரான் சொச்சம்தான். தடிமனில் இரண்டும் ஒன்றே. சாதாரணக் காற்றிலும் மழையிலும் அலுமினியம் கலந்தது மெதுவாகக் கரையும், வெகுகாலம் தாங்கும். வெட்டிய ஓரத்தையும் கீறலையும் காப்பாற்றுவதில் துத்தநாகம் கெட்டி. ஈரச் சிமெண்ட் அலுமினியத்தை அரித்துவிடும். மாட்டுக் கொட்டகை போல அமோனியா எழும் இடத்துக்கும் அது சரிப்படாது. வீட்டுக் கூரைக்கு ஏ.இசட். 150ஐ எடுத்துக்கொண்டேன். அதே கலவையில் 70, 100 என்றும் ஷீட் வருகிறது. பெயர் ஒன்று, பூச்சு குறைவு. எனவே கலவையின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, எண்ணும் தாளில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டும் இல்லை, "கம்பெனி ஷீட்" என்று மட்டும் இருந்தது. கம்பெனி இல்லாமல் ஷீட் யார் வீட்டில் செய்கிறார்கள்?

பெயிண்டைப் பற்றி நீட்ட மாட்டேன். பாலியஸ்டர் மலிவு, சிலிக்கோன் கலந்த பாலியஸ்டர் அதற்கு மேல், பி.வி.டி.எஃப். விலை கூடியது, வெயிலில் வெளுக்காமல் நிற்பதில் அதுதான் முதல். ஆல்பம் பி.வி.டி.எஃப்., மற்ற மூவரும் பாலியஸ்டர் வகை. எங்கள் நிறம் வெளிர் சாம்பல், வெளுத்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. அடர் சிவப்போ கரும்பச்சையோ போடுகிறவர் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கலாம்.

எழுதாமல் விட்டவற்றுக்கு வருகிறேன். முகட்டை மூட 44 அடி ரிட்ஜ் தகடு. பக்கவாட்டு நாலு சாய்ந்த ஓரத்துக்கும் சேர்த்து 73 அடி ஃப்ளாஷிங், அதாவது ஓரத்தை மூடும் தகடு. கீழ் ஓரம் இரண்டுக்கும் 88 அடி மழைநீர் வாய்க்கால், அதாவது கட்டர். பழைய தகரத்தை இறக்கி அப்புறப்படுத்துவது. சாரம். லாரி வாடகை. வரி. வாட்ஸ்அப் இதில் ஒன்றையும் எழுதவில்லை. "ரிட்ஜ் எல்லாம் வந்துடும் மேடம்" என்றார். எந்தக் கணக்கில் வரும் என்றால் "ரன்னிங் ஃபீட்" என்றார், அதாவது நீளத்தில் அடிக்கு இவ்வளவு என்று. ஆக அது தனி. எல்லாவற்றையும் சேர்த்தால் அவருடைய 149 என்பது 165க்கு வந்து நின்றது. கார்பன் ரிட்ஜ் போட்டிருந்தார், கட்டரும் பழைய தகரம் இறக்குவதும் இல்லை. அவர் 139.

உங்கள் பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் இறக்கும் வேலையை ஒருவரி விடாமல் எழுதி வாங்குங்கள். அதைச் சுத்தியால் உடைத்துத் தள்ளவோ உலர்ந்தபடி அறுக்கவோ கூடாது. நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி, உறை போட்டு இறக்க வேண்டும். அதன் தூசு நுரையீரலுக்குப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அந்த வேலையைச் சும்மா செய்து தருகிறேன் என்பவரிடம் எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள்.

ஸ்க்ரூ. எங்கள் கூரையில் எழுநூறுக்கு மேல் ஸ்க்ரூ இருக்கிறது. ஒவ்வொன்றும் புது ஷீட்டில் நாமே காசு கொடுத்துப் போடும் ஓட்டை. அந்த ஓட்டையை அடைப்பது ஸ்க்ரூ தலைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர், அதிலும் இ.பி.டி.எம். ரப்பராக இருந்தால்தான் வெயில் தாங்கும். வரைபடக்காரர் மட்டும் சட்டைப் பையிலிருந்து இரண்டு ஸ்க்ரூவை எடுத்து என் கையில் வைத்தார். ஒன்றின் வாஷரை நகத்தால் அழுத்தினால் அமுங்கித் திரும்பியது. இன்னொன்று பிளாஸ்டிக் போல விறைப்பாக இருந்தது, மடக்கினால் ஓரத்தில் கோடு கோடாகக் கீறல் விட்டது. "இது பழைய வேலை ஒண்ணுல கழட்டினது மேடம். ஷீட் நல்லாத்தான் இருந்துச்சு, வாஷர் போயி வீடெல்லாம் சொட்டு" என்றார். ஸ்க்ரூவின் விலை மொத்தத் தொகையில் ஒரு தூசு. அதில் போய்ச் சிக்கனம் பிடிப்பார்கள். கொட்டேஷனில் ஸ்க்ரூவுக்கு என்ன பூச்சு, என்ன வாஷர் என்று எழுதியிருந்தது அவருடையதில் மட்டும்தான். பூசாத சாதாரண ஆணியையோ, கால்வால்யூம் ஷீட்டில் வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவையோ போடவிடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் உயர்ந்ததுதான், ஆனால் ஈரத்தில் பக்கத்து ஷீட்டின் பூச்சைத் தின்னும்.

ஆல்பத்தின் பெருமையே ஸ்க்ரூ வெளியே தெரியாத கூரை என்பதுதான். ஷீட்டுகளின் ஓரங்களை நிமிர்த்தி ஒன்றோடொன்று மடித்துப் பூட்டுவார்கள், பிடிப்பெல்லாம் உள்ளே மறைந்த கிளிப்பில். வெயிலில் ஷீட் நீளும்போது கிளிப்பில் வழுக்கி இடம் கொடுக்கும். நல்ல முறை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் 5.56 மீட்டர் இரும்பு ஷீட் 50 டிகிரி சூடேறினால் நீள்வது 3.3 மில்லிமீட்டர்தான். பதினைந்து, இருபது மீட்டர் நீள ஷீட்டாக இருந்தாலோ, சரிவு மிகக் குறைவாக இருந்து தண்ணீர் மெல்ல ஓடுவதாக இருந்தாலோ நான் ஆல்பத்துக்கே போயிருப்பேன். எங்கள் 20 டிகிரி சரிவுக்கு அது தேவைக்கு மேல். நடுவில் ஒரு ஷீட் அடிபட்டால் அதைமட்டும் கழற்றுவதும் சுலபமில்லை.

வெப்பத் தடுப்பு பற்றி ஒரு வார்த்தை. "ஹீட் ப்ரூஃப் ஃப்ரீ" என்று வாட்ஸ்அப் சொன்னது சில மில்லிமீட்டர் குமிழ் வைத்த வெள்ளித்தாள். அந்தத் தாளின் பளபளப்பான பக்கம் காற்று இடைவெளியைப் பார்த்தபடி இருந்தால்தான் அதற்கு வேலை. ஷீட்டோடு ஒட்டி மாட்டினால் சூடு கடந்துவிடும். வரைபடத்தில் 50 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளி, கீழே வலை. மழைச் சத்தம் குறைவதற்கும் அதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. கார்பன் எதுவும் போடவில்லை. அவருடைய 139ல் இந்தக் கம்பளியை நான் சேர்க்கவே இல்லை, சேர்த்தால் இன்னும் ஏறும்.

உத்தரவாதம் நாலு பேரும் தந்தார்கள், வாயால். தாள் கேட்டபோது இரண்டு பேரிடம் இருந்தது. படித்துப் பார்த்தால் அதில் மூன்று வேறு வேறு உத்தரவாதங்கள். ஷீட் ஓட்டையாகாது என்பது ஒன்று, பெயிண்ட் உரியாது என்பது இன்னொன்று, இரண்டும் ஷீட் செய்த ஆலை கொடுப்பவை. ஒழுகாது என்பது மாட்டுகிறவர் கொடுக்க வேண்டியது. ஒழுகும் கூரைக்கு ஆலையிடம் போனால் "ஷீட் நன்றாக இருக்கிறதே" என்பார்கள். "25 வருடம்" என்று கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றாக இருக்கும். கடலுக்கு எவ்வளவு அருகில் என்ற கட்டுப்பாடும், மழை கழுவாத இடத்தை அவ்வப்போது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்ற நிபந்தனையும் சிறிய எழுத்தில் இருக்கும். மாட்டும் வேலைக்கு வரைபடக்காரர் 5 வருடம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆல்பமும் கொடுத்தது. மற்ற இருவரும் "நாங்க எங்கேயும் ஓடிப்போக மாட்டோம்" என்றார்கள்.

முன்பணத்தையும் பார்த்தேன். வாட்ஸ்அப் 70 சதவீதம் கேட்டார். வரைபடக்காரர் ஷீட் இறங்கியதும் பாதி, மாட்டியதும் மீதி என்றார். கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடிந்து தருகிறேன் என்றேன். முகம் சுளித்தார், ஒப்புக்கொண்டார்.

அவருடைய தாளில் எனக்கு மிகவும் பிடித்த வரி, தொகையைக் கூட்டும் வரி. பழைய பர்லின்களில் சிலவற்றில் துரு உள்ளே இறங்கியிருக்கிறது என்று மேலே ஏறியபோதே கண்டுபிடித்திருந்தார். கழற்றிப் பார்த்தால்தான் எத்தனை என்று தெரியும் என்பதால், மாற்ற வேண்டியிருந்தால் ஒரு அடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை எழுதிவிட்டார். "அழுகின கம்பியில புது ஷீட்டைக் கட்டிட்டு நான் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம்." அது கடைசியில் 4 கூடியது. 131 என்பது 135. நூறில் ஆரம்பித்தவர் 165க்குப் போய் நிற்க, நூற்று முப்பத்தொன்றில் ஆரம்பித்தவர்தான் எல்லோருக்கும் கீழே. பட்டியலைக் கணவரிடம் காட்டினேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

இனி வேலை. நல்லதை முதலில் சொல்கிறேன். சொன்ன ஷீட், சொன்ன நீளத்தில் வந்தது. முகட்டிலிருந்து இறவாரம் வரை ஒரே துண்டு, நடுவில் ஒட்டு கிடையாது. பின்பக்கத்தில் தடிமனும் பூச்சும் அச்சடித்திருந்தது, தாளோடு ஒத்துப்போனது. ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார்கள். காற்று முதலில் பிய்ப்பது ஓரத்தையும் மூலையையும்தான் என்பதால் அங்கே ஸ்க்ரூவை நெருக்கிப் போட்டார்கள். வாஷர் தலையைச் சுற்றி லேசாகப் பிதுங்கும் வரை முறுக்கினார்கள், நசுங்க விடவில்லை. முகட்டின் ஓரத்தை அடைக்க எங்கள் வீட்டுக் கொத்தனார் சிமெண்டோடு வந்து நின்றார். "அண்ணே, அதை மட்டும் மேலே கொண்டுவராதீங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, நெளிக்குத் தகுந்த ஃபோம் கட்டையைச் செருகினார்கள்.

குறை. ஷீட்டைக் கத்திரியால்தான் வெட்டுவோம் என்று பேச்சு. ஒரு மத்தியானம் முதலாளி இல்லாத நேரத்தில் ஒரு பையன் கிரைண்டரை எடுத்து ஓரத்தை வெட்ட ஆரம்பித்தான். கிரைண்டர் சூட்டில் வெட்டிய ஓரத்துப் பூச்சும் பெயிண்டும் கருகும், பறக்கும் இரும்புப் பொறி ஷீட்டில் ஒட்டிக்கொண்டு சில நாளில் பழுப்புப் புள்ளியாகும். உத்தரவாதத் தாளிலேயே அதற்குத் தடை இருக்கிறது. கத்தி நிறுத்தினேன். முதலாளி வந்து அந்த ஷீட்டைத் தன் செலவில் மாற்றினார், மென்மையான துடைப்பத்தால் மேலே முழுக்கக் கூட்டச் சொன்னார். ஆனாலும் பக்கத்து ஷீட்டில் மிளகு தூவியது போல நாலைந்து புள்ளி இருக்கிறது. கீழே இருந்து பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரியும்.

இரண்டாவது, வேலை ஆரம்பித்தது சொன்ன தேதிக்கு வெகுவாகத் தள்ளி. ஷீட் வரவில்லை, வண்டி வரவில்லை, ஆள் வரவில்லை என்று வரிசையாகக் காரணம். நடுவில் நாம் கூப்பிட்டால்தான் பேச்சு, அவராகக் கூப்பிட்டுச் சொல்லும் பழக்கம் இல்லை. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். வேலைக்கு நாலரை, தகவல் சொல்வதற்கு மூன்று, சராசரியில் கொஞ்சம் தாராளம். கேட்பவரைப் பார்த்துப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான், அந்தத் தாராளம் அதற்கு.

மழைக்காலம் முடிந்துவிட்டது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஆனால் பின்பக்கக் கட்டரில் கடைசிப் பத்தடிக்குத் தண்ணீர் வடியாமல் தேங்குகிறது, குழாய் வாயைவிட அந்த இடம் தாழ்ந்திருக்கிறது. அவர் வந்து மட்டக்குழாய் பிடித்துப் பார்த்து, மூன்று பிராக்கெட்டை ஏற்றிக் கட்ட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். கட்டியதும் அந்த 5 சதவீதத்தை அனுப்பிவிடுவேன்.